ஆறாயிரம் ரோவுக்கு நாலு சர்வர்

முதல்லயே ஒரு உண்மையைச் சொல்லிடுறேன். எல்கேஜியில இருந்து நான் இங்கிலீஷ் மீடியம். தமிழ்ல கடைசியா ரெண்டு பக்கத்துக்கு மேல எழுதினது பன்னிரண்டாம் வகுப்பு பொதுத்தேர்வுல. அதனால எழுத்துப்பிழை இருந்தா எடிட்டோரியல் டீமைத் திட்டுங்க, என்னை விட்டுடுங்க.

இது டேட்டாபேஸைப் பத்தின கட்டுரை. ஒரு டேட்டாபேஸை எப்போ துண்டு போடணும், எப்படிப் போடணும், போட்டா என்னென்ன உடையும்னு எழுதப்போறேன். இதையெல்லாம் நான் புத்தகத்துல படிச்சுத் தெரிஞ்சுக்கல. நம்ம சிம்போசியத்துல நாலு ஃபர்ஸ்ட் இயர் பசங்களோட ஹேக்கத்தான் சீட்டைத் தொலைச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். அந்த நாலு பேர்கிட்டயும் அன்னைக்கு நான் உண்மையைச் சொல்லல. அதையும் சேர்த்தே எழுதுறேன். சிஎஸ்இ இல்லாதவங்களும் படிக்கலாம். சொல்லப்போனா, இந்தக் கதையில சரியாக் கண்டுபிடிச்ச ஆளே சிவில்தான்.

8 மணி 3 நிமிஷம்

நான் செகண்ட் இயர் படிக்கும்போது சிம்போசியம் ரிஜிஸ்ட்ரேஷன் ராத்திரி 8 மணிக்குத் திறந்தது. 8.03க்கு சைட் படுத்துடுச்சு. அடுத்த ரெண்டு நாள் காலேஜ் மீம் பேஜ் முழுக்க அந்த சைட்டைச் செஞ்ச சீனியர் அண்ணன்கள்தான். நானும் ரெண்டு மீமை ஷேர் பண்ணேன். அது திரும்பி வரும்னு அப்போ தெரியல.

தேர்ட் இயர்ல வெப்சைட் பொறுப்பு எனக்கும் என் ரெண்டு ஃப்ரெண்ட்ஸுக்கும் வந்தது. போன வருஷ லாகை எடுத்துப் பார்த்தோம். ஒரே வரி ஆயிரக்கணக்கான தடவை இருந்தது. "சாரி, டூ மெனி க்ளையன்ட்ஸ் ஆல்ரெடி." போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் சொல்ற வரி அது. "இதுக்கு மேல ஆள் சேர்க்க முடியாது, போயிட்டு வாங்க"ன்னு அர்த்தம்.

அதைப் பார்த்ததும் நான் எடுத்த முடிவு: கூட்டம் அதிகம், அதனால டேட்டாபேஸைப் பெருசாக்கணும்.

யூடியூப்ல சிஸ்டம் டிசைன் வீடியோ பார்த்திருப்பீங்க. எல்லா வீடியோவும் ஒரே இடத்துலதான் முடியும். பத்து கோடி யூசர், நிறைய பெட்டி, நிறைய அம்புக்குறி, கடைசியில "ஷார்டிங்". அந்த வார்த்தை எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது. இப்போ தமிழ்ல எழுத உட்கார்ந்தப்பதான் அதுக்கு அர்த்தம் தேடினேன். ஷார்ட்னா உடைஞ்ச கண்ணாடிச் சில்லு. முன்னாடியே தேடியிருக்கலாம்.

ஜெராக்ஸ் கடை

மத்த டிபார்ட்மென்ட் மக்களுக்காக ஒரு சின்ன விளக்கம். மாடல் எக்ஸாமுக்கு முந்தின நாள் கேட்டுக்கு எதிர்ல இருக்கிற ஜெராக்ஸ் கடையை நினைச்சுக்கோங்க. கூட்டம் தாங்கல. கடைக்காரர் அண்ணன் என்ன பண்ணலாம்?

ஒண்ணு, இதைவிட வேகமான பெரிய மெஷின் வாங்கலாம். இது வெர்ட்டிகல் ஸ்கேலிங். அதே கடை, பெரிய மெஷின். வேற எதையும் மாத்த வேண்டாம். ஆனா ஒரு அளவுக்கு மேல பெரிய மெஷின் கிடைக்காது.

ரெண்டாவது, கடை அதேதான். உள்ளே இருக்கிற நோட்ஸ் குவியலை செமஸ்டர் வாரியா ரேக்ல பிரிச்சு வைக்கலாம். மூணாவது செமஸ்டர் நோட்ஸ் கேட்டா அந்த ரேக்கை மட்டும் பார்த்தா போதும். இது பார்ட்டிஷனிங். ஒரே சர்வருக்குள்ள ஒரு பெரிய டேபிளைச் சின்னச் சின்ன டேபிளாப் பிரிக்கிறது. போஸ்ட்கிரெஸ்ல 2017ல வந்த 10ஆம் பதிப்பிலிருந்து இதை நேரடியா எழுதலாம். பழைய வருஷ டேட்டாவைத் தூக்கணும்னா லட்சக்கணக்கான ரோவை ஒவ்வொண்ணா அழிக்க வேண்டாம், அந்த ரேக்கை அப்படியே கழட்டிடலாம்.

மூணாவது, நாலு தெருவுல நாலு கடை திறக்கலாம். இது ஷார்டிங். ஹரிசான்டல் ஸ்கேலிங்ல இது ஒரு வகை. கூட்டம் பிரியும். ஆனா யார் எந்தக் கடைக்குப் போகணும்னு ஒரு விதி வேணும். அந்த விதிக்குப் பேர் ஷார்ட் கீ. இதுல தப்பு பண்ணா நாலு கடை இருந்தும் எல்லாரும் ஒரே கடையில நிப்பாங்க.

நாங்க நேரா மூணாவதுக்குப் போனோம். முதல் ரெண்டையும் யோசிக்கவே இல்ல. ஸ்டூடன்ட் கிரெடிட்ல நாலு சின்ன கிளவுட் சர்வர், ஒவ்வொண்ணுலயும் ஒரு போஸ்ட்கிரெஸ். ஷார்ட் கீ என்னன்னா, டிபார்ட்மென்ட். ஒண்ணுல சிஎஸ்இ, ரெண்டுல ஈசிஇயும் ஈஈஈயும், மூணுல மெக்கும் சிவிலும், நாலுல மத்த எல்லாரும். ஏன் டிபார்ட்மென்ட்னு கேட்டா, ஃபார்ம்ல டிபார்ட்மென்ட் டிராப்டவுன் ஏற்கனவே இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

ரெஸ்யூமேல அன்னைக்கே ஒரு வரி சேர்த்தேன். "டிசைன்ட் எ ஹரிசான்டலி ஸ்கேலபிள் டேட்டாபேஸ் ஆர்க்கிடெக்சர்." சைட் இன்னும் லைவ் ஆகவே இல்ல.

அன்னைக்கு ராத்திரி

8 மணிக்குத் திறந்தோம். நாலு சர்வரோட கிராஃபும் லேப்டாப்ல ஓடிட்டு இருந்தது. 8.05 வரைக்கும் சூப்பர். 8.06க்கு முதல் சர்வர்ல அதே வரி வந்தது. சாரி, டூ மெனி க்ளையன்ட்ஸ் ஆல்ரெடி.

முதல் பத்து நிமிஷத்துல வந்த கூட்டத்துல நூத்துக்கு அறுபது பேர் சிஎஸ்இ. நம்ம காலேஜ்ல எத்தனை சிஎஸ்இ செக்‌ஷன் இருக்குன்னு உங்களுக்கே தெரியும். மூணாவது சர்வர், அதான் மெக், சிவில், சும்மா உட்கார்ந்திருந்தது. ஒரு கடையில கூட்டம் தள்ளுமுள்ளு, பக்கத்துக் கடையில அண்ணன் ஈ ஓட்டிட்டு இருக்கார். இதை ஹாட் ஷார்ட்னு சொல்லுவாங்க. பேர் அப்புறம்தான் தெரிஞ்சது.

முதல் சர்வரை மூணு தடவை ரீஸ்டார்ட் பண்ணோம். 8.40க்கு எல்லாம் அமைதியாச்சு. மீம் வரல. போன வருஷம் மொத்தமா விழுந்தது, இந்த வருஷம் கால்வாசிதானே விழுந்துச்சுன்னு எங்களை நாங்களே தட்டிக்கிட்டோம்.

மறுநாள் இன்னொரு காமெடி. டீம் எண் 57னு நாலு டீம் இருந்தது. ஒவ்வொரு சர்வரும் தனித்தனியா 1, 2, 3னு எண்ணிக்கிட்டே போயிருக்கு. நாலு பேருக்கும் ஒரே பேட்ஜ். ராத்திரி உட்கார்ந்து பேட்ஜ் முன்னாடி ஏ, பி, சி, டின்னு பேனாவுல எழுதினோம். சிரிச்சுக்கிட்டேதான் எழுதினோம். பெருசா வேற ஒண்ணு உடைஞ்சு கிடக்குன்னு அப்போ தெரியாது.

நாலு பேர்

ஹேக்கத்தானுக்கு 40 டீம்தான். டீமுக்கு நாலு பேர், தலைக்கு 150 ரூபாய். எந்த டிபார்ட்மென்ட்டும் கலந்து வரலாம்.

இப்போ யோசிச்சுப் பாருங்க. லீடர் சிவில். மெம்பர்ல ரெண்டு பேர் சிஎஸ்இ, ஒருத்தர் ஈசிஇ. லீடரோட ரோ மூணாவது சர்வர்ல. சிஎஸ்இ ரெண்டு பேர் முதல் சர்வர்ல. ஈசிஇ ரெண்டாவதுல. ஒரு டீம் சேரணும்னா மூணு சர்வர்ல எழுதணும்.

ஒரே டேட்டாபேஸா இருந்தா இது பிரச்சனையே இல்ல. டிரான்சாக்ஷன்னு ஒண்ணு இருக்கு. எழுதினா எல்லாத்தையும் எழுதும், நடுவுல ஏதாவது தப்பாச்சுன்னா எதையுமே எழுதாது. பாதி டீம் என்கிற நிலைமையே வராது. ஆனா அந்த வாக்குறுதி ஒரு சர்வருக்குள்ளதான். சர்வர் தாண்டினா நாமதான் பார்த்துக்கணும். அதுக்கும் வழி இருக்கு. டூ ஃபேஸ் கமிட்னு பேர். முதல்ல எல்லா சர்வர்கிட்டயும் "தயாரா?"ன்னு கேட்டு, எல்லாரும் "தயார்"னு சொன்ன பிறகு "எழுது"ன்னு சொல்றது. ஆனா தயார்னு சொன்ன சர்வர் மறுபேச்சு வர்ற வரைக்கும் அந்த ரோவைப் பூட்டிக்கிட்டே நிக்கும். கேட்ட ஆள் நடுவுல செத்துட்டா பூட்டு அப்படியே இருக்கும். போஸ்ட்கிரெஸ்ல இந்த வசதி இருக்கு, ஆனா டிஃபால்ட்டா அணைச்சுத்தான் வச்சிருப்பாங்க. நாங்க இது எதுவும் தெரியாம மூணு சர்வர்லயும் ஒண்ணு பின்னாடி ஒண்ணா எழுதிட்டுப் போனோம்.

அந்த டீம் பணம் கட்டிட்டாங்க. 600 ரூபாய். லீடர் ரோ ஏறியது. ஈசிஇ ரோவும் ஏறியது. சிஎஸ்இ சர்வர் அந்த நேரத்துல மூச்சு விடாமக் கிடந்தது, ரெண்டு ரோவும் ஏறல. அரைகுறை டீம்.

இதுல என் கைவரிசை ஒண்ணு இருக்கு. ராத்திரி 12 மணிக்கு ஓடுற மாதிரி ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வச்சிருந்தேன். நாலு பேர் முழுசா சேராத டீமை அழிச்சு, சீட்டை வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கிறவங்களுக்குக் கொடுக்கும். அது சரியா ஓடுச்சு. அதோட வேலையை அது பார்த்துச்சு.

சிம்போசியம் அன்னைக்குக் காலையில நாலு பேரும் பேமென்ட் ஸ்கிரீன்ஷாட்டோட ரிஜிஸ்ட்ரேஷன் டெஸ்க்குக்கு வந்தாங்க. லிஸ்ட்ல பேர் இல்ல. அவங்க டேபிள்ல வேற டீம் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்துட்டாங்க. என்னைக் கூப்பிட்டாங்க. நான் போய் லாகைப் பார்த்தேன். ரெண்டே நிமிஷத்துல புரிஞ்சுடுச்சு.

சிவில் பொண்ணுதான் லீடர். "அண்ணா, காசைப் பத்தி இல்லண்ணா. ரெண்டு வாரமா ஹாஸ்டல்ல தூங்காம ரெடி பண்ணோம்"னு சொல்லுச்சு.

நான் சொன்னேன்: "பேமென்ட் கேட்வே சைடு இஷ்யூமா. எங்க கையில எதுவும் இல்ல. ரீஃபண்ட் வந்துடும்."

ரீஃபண்ட் பதினோரு நாள் கழிச்சு வந்தது. அன்னைக்கு அந்த நாலு பேரும் ஆடிட்டோரியம் படிக்கட்டுல கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துட்டுப் போயிட்டாங்க. அதே மாதிரி இன்னும் ரெண்டு டீம் வந்தாங்க. அவங்களுக்கும் அதே பதில். ரெண்டாவது தடவை சொல்லும்போது எனக்கே அது உண்மை மாதிரி இருந்தது.

இன்டர்வ்யூ

ஆகஸ்ட்ல ப்ளேஸ்மென்ட். ஒரு கம்பெனியில மூணாவது ரவுண்ட் வரைக்கும் போனேன். எதிர்ல ஒரு மேம். ரெஸ்யூமேல அந்த வரியைக் காட்டி, "நைஸ், எக்ஸ்ப்ளெய்ன்"னாங்க. நான் அரை மணி நேரம் பேசுற அளவுக்குத் தயாரா இருந்தேன். லேடன்சி, த்ரூபுட், ஹொரைசான்டல்... வார்த்தை எல்லாம் சரளமா வந்தது. சின்ன வயசுல இருந்து இங்கிலீஷ்ல பேசிப் பழகினதுல இருக்கிற பிரச்சனை இதுதான். புரியாததையும் அழகா சொல்ல முடியும்.

அவங்க கேட்டது ஒரே கேள்வி. "எத்தனை ரோ?"

"அரௌண்ட் சிக்ஸ் தௌசண்ட், மேம்."

"எத்தனை எம்பி?"

நான் பார்த்ததே இல்ல. மனசுல கணக்குப் போட்டேன். ஒரு ரோ அரை கேபின்னு வச்சாலும் மொத்தம் 3 எம்பி.

அவங்க சிரிக்கல. சிரிச்சிருந்தாகூடப் பரவாயில்லை. "வாட்ஸ்அப்ல ஒரு வீடியோவே அதைவிடப் பெருசு தம்பி"ன்னு தமிழ்ல சொல்லிட்டு, அதுக்கப்புறம் முழுக்கத் தமிழ்லயே கேட்டாங்க. "சரி, அந்த சர்வர் ஏன் விழுந்துச்சு? சிபியு எவ்வளவு இருந்துச்சு?"

கிராஃப் ஞாபகம் இருந்தது. "ஏழு, எட்டு பர்சென்ட் மேம்."

"அப்போ அது வேலை செய்யவே இல்லையே. என்ன பண்ணிட்டு இருந்துச்சு?"

எனக்குப் பதில் தெரியல. அந்தக் கம்பெனி கிடைக்கல. ஆனா அந்தக் கேள்வி என்கூடவே பஸ்ல வீட்டுக்கு வந்தது.

கணக்கு

அன்னைக்கு ராத்திரி கோடைத் திறந்து, ஒவ்வொரு வரியையும் தமிழ்ல எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். "பையன் பட்டனை அமுக்குறான். டேட்டாபேஸ் கனெக்‌ஷன் ஒண்ணு எடுக்குறோம். சீட் இருக்கான்னு பார்க்குறோம். பேமென்ட் பேஜுக்கு அனுப்புறோம். அவன் காசு கட்டுற வரைக்கும்..."

அங்கேயே நின்னுட்டேன். அவன் காசு கட்டுற வரைக்கும் அந்தக் கனெக்‌ஷனை நாங்க கையிலேயே பிடிச்சு வச்சிருந்தோம். சீனியர் எழுதின கோடு. நாங்க தொடவே இல்ல.

போஸ்ட்கிரெஸ்ல டிஃபால்ட்டா 100 கனெக்‌ஷன்தான். அதுல 3 அட்மினுக்காக ஒதுக்கி வச்சிருக்கும். மீதி 97. ஒருத்தர் யுபிஐ ஆப்பைத் திறந்து, பின் போட்டு, திரும்பி வர 25 செகண்ட்னு வைங்க. 97ஐ 25ஆல வகுத்தா ஒரு செகண்டுக்கு 4 பேரைக்கூட அனுப்ப முடியாது. 8 மணிக்கு வந்தது செகண்டுக்குப் பத்து பேர். படுக்காம என்ன பண்ணும்?

ஜெராக்ஸ் கடை பாஷையில சொன்னா, மெஷின் சும்மா கிடக்கு. ஆனா கவுன்டர்ல நிக்கிற ஒவ்வொருத்தனும் "இரு அண்ணா, ஜிபே பண்றேன்"னு நின்னுட்டே இருக்கான். பின்னாடி வரிசை தெரு வரைக்கும். இதைப் பார்த்துட்டு நாங்க போய் இன்னும் மூணு மெஷின் வாங்கியிருக்கோம்.

நாலா பிரிச்ச பிறகும் சிஎஸ்இ சர்வருக்கு செகண்டுக்கு ஆறு பேர் வந்தாங்க. அதால முடிஞ்சது நாலு. அதனாலதான் விழுந்தது. சமமா பிரிச்சிருந்தா ஒவ்வொண்ணுக்கும் ரெண்டரை பேர்தான் வந்திருப்பாங்க, விழுந்திருக்காது. இதை நினைச்சாதான் எனக்குப் பயம். விழாம இருந்திருந்தா, நாங்க ஜெயிச்சிட்டோம்னு நினைச்சு காரணமே தெரியாம பாஸ் ஆகியிருப்போம்.

அப்போ யாருக்குத்தான் ஷார்டிங்?

தேவைப்படுறவங்க இருக்காங்க. நோட்ஸ் ஆப் நோஷன் தெரியும்ல. அவங்க இன்ஜினியர்ஸ் 2021ல எழுதினதை அப்புறம் தேடிப் படிச்சேன். ஒரே போஸ்ட்கிரெஸ்ல பல வருஷம் ஓட்டியிருக்காங்க. அவங்களைப் பயமுறுத்தினது வேற விஷயம். போஸ்ட்கிரெஸ் எழுதுற ஒவ்வொரு டிரான்சாக்ஷனுக்கும் ஒரு எண் கொடுக்கும். அந்த எண் 32 பிட்தான். பழசைக் கூட்டிப் பெருக்கி எண்ணை மறுபடி பயன்படுத்த வைக்கிற வேலை வேக்யூமோடது. டேபிள் ரொம்பப் பெருசாகி வேக்யூம் பின்தங்கினா, ஒரு கட்டத்துல டேட்டாவைக் காப்பாத்த போஸ்ட்கிரெஸ் எழுதுறதையே நிறுத்திடும். அந்த நிலைமை தூரத்துல தெரிய ஆரம்பிச்ச பிறகுதான் பிரிச்சாங்க.

எப்படிப் பிரிச்சாங்கன்னு பாருங்க. கீ, வொர்க்ஸ்பேஸ். ஒரு ஆபீஸோட நோட்ஸை அந்த ஆபீஸ் ஆட்கள்தான் பார்ப்பாங்க. அதனால சேர்ந்து கேட்கப்படுற டேட்டா சேர்ந்தே ஒரு இடத்துல இருக்கும். ஒரு கேள்விக்கு நாலு தெரு அலைய வேண்டாம்.

இன்னொரு புத்திசாலித்தனம். 32 சர்வர்தான், ஆனா மனசளவுல 480 துண்டா பிரிச்சு, ஒரு சர்வர்ல 15 துண்டு வச்சாங்க. 480 ஏன்னா நிறைய எண்ணால மீதி இல்லாம வகுபடும். அப்புறம் 2023ல 96 சர்வருக்கு மாறினப்போ சர்வருக்கு 5 துண்டு. துண்டை மறுபடி உடைக்கவே இல்ல, வீடு மட்டும் மாத்தினாங்க. நாங்க மாதிரி ரிஜிஸ்டர் நம்பரை நேரா 4ஆல வகுத்து மீதியைப் பார்த்து வைக்கிறோம்னு வைங்க. நாளைக்கு அஞ்சாவது சர்வர் சேர்த்தா 5ஆல வகுக்கணும். நூத்துக்கு 80 ரோ வேற சர்வருக்குக் குடிபோகணும். பேப்பர்ல 0லிருந்து 19 வரைக்கும் எழுதிப் பாருங்க. 0, 1, 2, 3 மட்டும்தான் அதே இடத்துல இருக்கும்.

எங்க நாலு டீம் 57 கதைக்கும் பதில் இருக்கு. இன்ஸ்டாகிராம் ஆரம்ப காலத்துல போஸ்ட்கிரெஸை ஷார்ட் பண்ணப்போ, ஐடியை 64 பிட்ல இப்படிப் பிரிச்சாங்க. 41 பிட் நேரம், மில்லிசெகண்ட்ல. 13 பிட் ஷார்ட் எண். மீதி 10 பிட் வரிசை எண். ரெண்டு சர்வர் ஒரே ஐடியைக் கொடுக்கவே முடியாது. ஐடியைப் பார்த்தாலே அது எந்த ஷார்ட்ல இருக்குன்னு தெரியும், நேர வரிசையிலயும் வரும். நாங்க பேனாவுல எழுதின ஏ, பி, சி, டியோட நல்ல வடிவம் அது.

எங்களுக்கு ஷார்டிங் தேவைன்னே வச்சுக்கிட்டாலும் கீ எதுவா இருந்திருக்கணும்? நான் மூணு யோசிச்சேன். டிபார்ட்மென்ட் வச்சா கூட்டம் சமமாப் பிரியாது, டீமும் உடையும். ரிஜிஸ்டர் நம்பர் வச்சா கூட்டம் சமமாப் பிரியும், ஆனா கிட்டத்தட்ட எல்லா டீமுமே உடையும். ஈவென்ட் வச்சா டீம், சீட், மெம்பர் எல்லாம் ஒரே சர்வர்ல இருக்கும், டிரான்சாக்ஷன் வேலை செய்யும், "ஒருத்தர் ஒரு டீம்லதான்" என்கிற விதியையும் அங்கேயே காவல் காக்கலாம். ஆனா "நான் எதெதுல சேர்ந்திருக்கேன்"னு ஒருத்தர் கேட்டா நாலு சர்வரையும் கேட்டுட்டு வரணும். ஹேக்கத்தான் இருக்கிற சர்வர்லதான் கூட்டம் இருக்கும். எந்தக் கீ எடுத்தாலும் ஒரு கேள்வி சுலபமாகும், இன்னொரு கேள்வி கஷ்டமாகும். எந்தக் கேள்வியில தப்பு நடந்தா யாருக்கு வலிக்கும்னு பார்த்துத்தான் எடுக்கணும். டிராப்டவுன்ல இருக்குன்னு எடுக்கக் கூடாது.

இந்த வருஷம்

இந்த வருஷம் ஒரே ஒரு சர்வர். பேமென்டுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி சீட்டைப் பத்து நிமிஷத்துக்குப் பிடிச்சு வைக்கிற மாதிரி ஒரு ரோ எழுதிட்டு, கனெக்‌ஷனைக் கீழே வச்சிடுறோம். காசு வந்ததும் புதுசா ஒண்ணு எடுத்து உறுதி பண்றோம். 20 கனெக்‌ஷனோட ஒரு பூல். கடைக்குள்ள இருபது பேர், மத்தவங்க வெளியே டோக்கனோட. ஒவ்வொருத்தருக்கும் உள்ளே வேலை சில மில்லிசெகண்ட்தான், அதனால டோக்கன் கையில சூடாகுறதுக்குள்ள கூப்பிட்டுடுவாங்க. நாலு பேரும் ஒரே டிரான்சாக்ஷன்ல.

8 மணிக்குத் திறந்தோம். 8.03 தாண்டியது. 8.06 தாண்டியது. எதுவும் நடக்கல. கிராஃப் அவ்வளவு போரா இருந்ததை என் வாழ்க்கையில பார்த்ததில்ல.

அடுத்த வாரம் அந்த சிவில் பொண்ணை கேன்டீன்ல பார்த்தேன். செகண்ட் இயர் இப்போ. போய், "ஒரு நிமிஷம்மா, போன வருஷ ஹேக்கத்தான் விஷயம்"னு ஆரம்பிச்சேன். பேமென்ட் கேட்வேல எந்தத் தப்பும் இல்ல, எங்க டிசைன் தப்பு, அது அன்னைக்குக் காலையிலயே எனக்குத் தெரியும்னு சொன்னேன். சொல்லி முடிக்க ரெண்டு நிமிஷம்தான் ஆச்சு. ஒரு வருஷமா அது ரெண்டு மணி நேரம் ஆகும்னு நினைச்சிட்டு இருந்தேன்.

கொஞ்ச நேரம் எதுவும் பேசல. அப்புறம் சொல்லுச்சு: "தெரியும்ணா. அன்னைக்கு படிக்கட்டுல உட்கார்ந்திருந்தப்போ மத்த ரெண்டு டீமையும் கேட்டோம். மூணு டீம்லயும் சிஎஸ்இ பசங்க, வேற டிபார்ட்மென்ட் பசங்க கலந்து இருந்தாங்க. ஒரே டிபார்ட்மென்ட் டீம் ஒண்ணுகூடப் போகல. பேமென்ட் கேட்வேக்கு எப்படிண்ணா டிபார்ட்மென்ட் தெரியும்?"

லாக் இல்லாம, கோடு இல்லாம, மூணு டீமைக் கேட்டுக் கண்டுபிடிச்சிருக்கு. நான் ரெஸ்யூமேல போட்டதை அந்தப் பொண்ணு படிக்கட்டுல உட்கார்ந்து புரிஞ்சுக்கிட்டிருக்கு.

"அப்பவே கேட்டிருக்கலாமேம்மா"ன்னேன்.

"நீங்க சீனியர்ணா. நீங்க சொன்னதுக்கப்புறம் என்ன கேக்கிறது?"

அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. ஸாரி சொன்னேன். "பரவால்லண்ணா"ன்னு சொல்லல. "சரிண்ணா"ன்னு மட்டும் சொல்லிட்டு டீ எடுத்துட்டுப் போயிடுச்சு. அதுவே நியாயம்னு தோணுச்சு.

அடுத்த வருஷம் இந்த வெப்சைட் உங்க கைக்கு வரும். கோடு அதே லிங்க்லதான் இருக்கு. அதோட ஒரு டாக்குமென்டும் வச்சிருக்கேன். போன வருஷம் எந்த மூணு டீமோட சீட் போச்சு, ஏன் போச்சு, எந்த வரி, யார் எழுதினது, எல்லாம் இருக்கு. டேட்டாபேஸைப் பிரிக்கணும்னு தோணுச்சுன்னா, முதல்ல மூணு விஷயத்தைப் பாருங்க. எத்தனை ரோ, எத்தனை எம்பி, சிபியு எவ்வளவு. மூணையும் பார்த்த பிறகும் பிரிக்கணும்னு தோணுச்சுன்னா தாராளமாப் பிரிங்க.

யாராவது ஸ்கிரீன்ஷாட்டோட டெஸ்க்குக்கு வந்தா, லாகைப் பார்த்துட்டு, அதுல என்ன இருக்கோ அதைச் சொல்லுங்க.

ரெஸ்யூமேல அந்த வரியை எடுத்துட்டேன். இப்போ அங்கே இருக்கிறது: "நாலு சர்வரை ஒண்ணாக் குறைச்சேன்." அடுத்த இன்டர்வ்யூல அதைப் பத்தித்தான் கேட்டாங்க. இந்தத் தடவை எம்பி வரைக்கும் தெரியும்.